பெயரும் மிஞ்சாத வரிசைகள்: ஒன்பது ஆண்டுகள் காணொளிகளைச் சேமித்த அனுபவம்

ஏற்காட்டுக்கு அப்பால் ஒரு மலைக்கிராமப் பள்ளியில் பணியாற்றும் இளைய ஆசிரியை ஒருவர் சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை என்னை அழைத்தார். "அக்கா, அந்தக் காணொளித் தளத்துக்கு நீங்கள் மூன்று வருடமாகக் கட்டணம் கட்டுகிறீர்கள். சேமித்து வைப்பதும் இறக்கி வைப்பதும் எங்கள் பள்ளிக்குப் பயன்படுமா? கட்டலாமா வேண்டாமா, அதை மட்டும் சொல்லுங்கள்" என்றார். "கட்டிவிடம்மா" என்ற சொல் நாவின் நுனிவரை வந்துவிட்டது. இருந்தாலும் சின்னச் சம்பளத்தில் இருப்பவரிடம் மாதச் செலவு ஒன்றைப் பரிந்துரைப்பதற்கு முன், என் பட்டியலை ஒருமுறை முழுவதும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று கூறி வைத்தேன். சேலம் அஸ்தம்பட்டியில் உள்ள எங்கள் வீட்டில் அன்றிரவே மடிக்கணினியைத் திறந்து எண்ணத் தொடங்கினேன். எண்ணி முடிக்க மூன்று இரவுகள் ஆயின. ஒன்பது ஆண்டுகளில் நான் சேமித்தவை 1,412 காணொளிகள். அவற்றுள் 187 இன்று இல்லை. அந்த 187-இல் பெரும்பாலானவை எவை என்றுகூட என்னால் சொல்ல முடியவில்லை.

தளத்தின் வசதிகளை ஒவ்வொன்றாக விளக்கப் போவதில்லை. 'பிறகு பார்க்க' என்ற பொத்தானும், தலைப்பு வாரியாகப் பட்டியல் அமைக்கும் முறையும், கட்டணம் செலுத்தினால் விளம்பரங்கள் விலகுவதும், காணொளிகளைக் கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்ள முடிவதும் இதைப் படிப்பவர்களுக்குத் தெரிந்தவைதான். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து கைப்பேசி இணையம் மலிவானபோது, மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்தும் எனக்கு முதல் தடவையாக நினைத்த நேரத்தில் நினைத்ததைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. அந்த ஆண்டு இறுதியில் சேமிக்கத் தொடங்கினேன். இப்போது ஐந்து பட்டியல்கள் இருக்கின்றன: ஆங்கில அறிவியல், தமிழ் அறிவியல், அரசியலும் சட்டமும், சேலம், மற்றவை. 'மற்றவை' என்பதில் கச்சேரிகளும் சமையலும் மிளகுக்கொடி படரவிடும் முறையும் கலந்து கிடக்கின்றன. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

முதலில் மகிழ்ச்சியைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது உண்மையானது. காணொளியை நிறுத்தி வைத்துவிட்டு, கணினி விசைப்பலகையில் முற்றுப்புள்ளி விசையை அழுத்தினால் ஒரு பிரேம், அதாவது காணொளியின் ஒற்றைப் படம், முன்னே நகரும், காற்புள்ளி விசையை அழுத்தினால் ஒரு பிரேம் பின்னே போகும் என்பதை நான் தற்செயலாகத்தான் கண்டேன். அன்றிலிருந்து சேமித்த காணொளி எனக்குப் பார்க்கும் பொருள் மட்டுமன்று, அளக்கும் கருவியும் ஆயிற்று. 1971 ஆகஸ்ட் 2 அன்று, அப்பல்லோ 15 பயணத்தின்போது, டேவிட் ஸ்காட் நிலவில் நின்றபடி வலது கையில் 1.32 கிலோ எடையுள்ள சுத்தியலையும் இடது கையில் வல்லூறின் இறகு ஒன்றையும் பிடித்து ஒரே நேரத்தில் கைவிட்ட காட்சியை எத்தனையோ பேர் பார்த்திருப்பார்கள். இரண்டும் சேர்ந்து தரையைத் தொடுவதைப் பார்த்து வியப்பதோடு நாம் நின்றுவிடுகிறோம். பதினொன்றாம் வகுப்பில் நான் அதைப் பிரேம் பிரேமாக ஓட்டி, கையை விட்டு நழுவும் கணத்திலிருந்து தரையைத் தொடும் கணம்வரை மாணவர்களை எண்ணச் சொல்கிறேன். வினாடிக்கு 30 பிரேம் என்று கொண்டால் 42-ஐ ஒட்டி ஓர் எண் வரும். அதாவது ஏறத்தாழ 1.4 வினாடி. உயரம் ஏறத்தாழ 1.6 மீட்டர். இந்த இரண்டையும் சமன்பாட்டில் இட்டால் நிலவின் ஈர்ப்பு முடுக்கம் 1.6-ஐ ஒட்டி வந்து நிற்கிறது. பாடநூலில் உள்ள மதிப்பு 1.62. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் வேறோர் உலகில் விழுந்த சுத்தியலைச் சேலத்து வகுப்பறையில் அமர்ந்து அளந்துவிட்டோம் என்பதை உணரும்போது பிள்ளைகளின் முகம் மாறுவதைப் பார்ப்பதற்காகவே அந்தக் காணொளியை ஆண்டுதோறும் திறக்கிறேன்.

அதைவிட ஆழமாக என்னைத் தொட்டது டகோமா நேரோஸ் பாலம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 1940 ஜூலை 1 அன்று திறக்கப்பட்ட அந்தத் தொங்கு பாலம், நான்கே மாதங்களில், நவம்பர் 7 அன்று, மணிக்கு ஏறத்தாழ 64 கிலோமீட்டர் வேகக் காற்றில் முறுக்கிக்கொண்டு ஆடி, நடுவே அறுந்து நீரில் விழுந்தது. மனித உயிர் போகவில்லை. பாலத்தின் மேல் நின்றுபோன காரில் சிக்கிய நாய் ஒன்று இறந்தது. ஒத்ததிர்வுக்கு, அதாவது ஒரு பொருளின் இயல்பான ஆட்டத்தோடு தாளம் ஒத்துத் தள்ளுவதால் அந்த ஆட்டம் பெருகுவதற்கு, எடுத்துக்காட்டாக இதைப் பல பாடநூல்கள் சொல்கின்றன. நானும் அப்படியே பல ஆண்டுகள் நடத்தினேன். பிறகு நான் சேமித்து வைத்த ஒரு காணொளி, அன்று வீசிய காற்று சீரான காற்று, ஊஞ்சலைத் தாளம் தவறாமல் தள்ளுவதுபோல அது விட்டுவிட்டுத் தள்ளவில்லை என்பதைப் பொறுமையாக விளக்கியது. பாலம் முறுக்கத் தொடங்கியதும் அந்த முறுக்கமே காற்றின் போக்கை மாற்றியது. மாறிய காற்று மேலும் முறுக்கியது. தன் அசைவின் வழியாகவே பாலம் காற்றிலிருந்து ஆற்றலை வாங்கிக்கொண்டே போயிற்று. அடுத்த ஆண்டு முதல் வகுப்பில் நான் சொல்வதை மாற்றிக்கொண்டேன்.

அதே காணொளி இன்னொன்றையும் சொன்னது. அந்தப் பாலத்தை அன்று படம் பிடித்த கருவி வினாடிக்கு 16 பிரேம் என்ற கணக்கில் ஓடியது. பிற்காலத்தில் பிரதி எடுத்தவர்கள் அதை 24 பிரேமாகக் கருதி ஓட்டிவிட்டார்கள். ஆகவே நாம் வழக்கமாகப் பார்க்கும் பாலம் உண்மையில் ஆடியதைவிட ஒன்றரை மடங்கு வேகமாக ஆடுகிறது. நேரில் நின்று நேரம் குறித்தவர்கள் நிமிடத்துக்கு 12 முறுக்கங்கள் என்று எழுதியிருக்கிறார்கள். திரையில் எண்ணினால் 18 வருகிறது. நானும் மாணவர்களும் எண்ணிப் பார்த்தோம். 18-ஐ ஒட்டியே வந்தது. பிறகு ஓடும் வேகத்தை 0.65 ஆகக் குறைத்து மறுபடியும் பார்த்தோம். ஒரு முறுக்கத்துக்கு ஐந்து வினாடி. பாலம் சட்டென்று கனம் கூடியதுபோல, நிதானமாக, அஞ்சத்தக்க விதத்தில் திரும்பித் திரும்பிப் படுத்தது. எண்பது ஆண்டுகளாக உலகம் தவறான வேகத்தில் பார்த்த ஒன்றை எங்கள் பிள்ளைகள் சரியான வேகத்தில் பார்த்தார்கள். சேமிப்புப் பட்டியல் எனக்குக் கொடுத்தவற்றுள் முதலிடம் அந்த ஒரு பாடவேளைக்குத்தான்.

அரசியல் பட்டியலின் பயனை என் தாய்மாமாவின் வழியாகச் சொல்கிறேன். அம்மாபேட்டையில் வசிக்கும் அவருக்கு வயது 74. ஐம்பது ஆண்டு தறியில் உட்கார்ந்தவர். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யார் என்ன அனுப்பினாலும் முழுவதும் பார்ப்பவர். சென்ற பொங்கலுக்கு முன் 38 வினாடி ஓடும் துணுக்கு ஒன்று வந்தது; மக்களவையில் தமிழக உறுப்பினர் ஒருவர் தமிழில் பேசியது. அதைக் கேட்டு மாமா கொதித்துப்போனார். அந்த உரை முழுவதையும் நான் சேமித்து வைத்திருந்தேன். 52 நிமிடம் ஓடுவது. 31-ஆவது நிமிடத்தில், மறுதரப்பினரின் வாக்கியத்தை மறுப்பதற்காக அவர் வாசித்துக் காட்டுகிறார். வாசித்த வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொண்டு, "இது தவறு" என்று அவர் அடுத்துச் சொன்னதை யாரோ வெட்டியிருக்கிறார்கள். மாமாவிடம் வாதாடாமல் முழு உரையையும் தொலைக்காட்சியில் போட்டேன். 52 நிமிடமும் அசையாமல் பார்த்தார். மறுநாள் காலை வந்து, "கண்ணு, இதை எப்படி எடுத்து வைப்பது என்று எனக்கும் காட்டு" என்றார்.

மக்களவையின் தொலைக்காட்சி 2006-இலிருந்து இருந்தது. 2021 செப்டம்பர் 15 முதல் இரு அவைகளின் அலைவரிசைகளும் ஒன்றாகிச் சன்சத் டிவி ஆயின. உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு விசாரணைகள் 2022 செப்டம்பர் 27 முதல் நேரலையாக வருகின்றன. நாள் முழுவதும் ஓடும் அவற்றை ஒரே மூச்சில் பார்க்க இயலாது. சேமித்து வைத்து, இரவு உணவுக்குப் பிறகு இருபது இருபது நிமிடமாகப் பார்க்கிறேன். ஒரு வழக்கறிஞர் வாதத்தை அடுக்குவதும், நீதிபதி குறுக்கிட்டு ஒரே கேள்வியில் அந்த அடுக்கைச் சோதிப்பதும், மறுநாள் செய்தித்தாளில் வரும் நான்கு வரியில் கிடைக்காதவை. சேமிக்கும் வசதி இல்லாவிட்டால் இந்த நீண்டவை எதையும் நான் பார்த்திருக்க மாட்டேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இறக்கி வைக்கும் வசதி மலையில் எவ்வளவு உதவும் என்பதும் எனக்கு நேரடியாகத் தெரியும். அடிவாரத்தைத் தாண்டி இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போதே சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். ஏற்காடு டவுனைக் கடந்து காப்பித் தோட்டங்களுக்குள் இறங்கிவிட்டால் மழை நாள்களில் அதை நம்பவே முடியாது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் என்னை அழைத்த அந்த ஆசிரியையின் பள்ளியில் அறிவியல் மன்றக் கூட்டம் ஒன்றுக்காக 14 காணொளிகளை இறக்கி எடுத்துச் சென்றேன். வகுப்பறைச் சன்னலுக்கு வெளியே சில்வர் ஓக் மரங்கள்கூடத் தெரியாத அளவுக்கு மூடுபனி. மின்சாரம் இருந்தது, இணையம் இல்லை. 14-உம் தடையின்றி ஓடின. சந்திரயான்-3 இறங்கிய நேரலைப் பதிவைப் போட்டபோது, 2023 ஆகஸ்ட் 23 அன்று மாலை 6.04 மணிக்கு நடந்து முடிந்த ஒன்றுதான் என்று தெரிந்திருந்தும், கடைசி நிமிடங்களில் அந்த 38 பிள்ளைகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். கட்டணத்துக்கு அன்று ஒரே நாளில் ஈடு கிடைத்துவிட்டது என்றுதான் மலையிறங்கினேன்.

இரண்டாம் முறை அப்படி நடக்கவில்லை. இறக்கி வைத்த காணொளி, குறிப்பிட்ட நாள்களுக்கு ஒருமுறை கைப்பேசி இணையத்தில் இணைந்து அனுமதியைப் புதுப்பித்துக்கொண்டால்தான் திறக்கும். சுற்றுலா போய்த் திரும்பிய களைப்பில் நான் அதைக் கவனிக்கவில்லை. மேலே போய்ப் பார்த்தால் நான்கு காணொளிகள் திறக்க மறுத்தன. இணையம் இல்லாத இடத்துக்கென்று விற்கப்படும் வசதி, இணையம் இல்லாத இடத்தில் இணையம் கேட்டு நின்றது. ஐந்தாவதாக ஒன்று இறக்கப்பட்டவற்றின் வரிசையிலேயே இல்லை. வலையேற்றியவர் அதை நீக்கியிருந்ததால், என் கைப்பேசியிலிருந்தும் அது போய்விட்டது. அது எது என்பதைக் கண்டுபிடிக்க அன்று எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று.

எனக்குத் தீராத மனக்குறையாக இருப்பது இந்த இடம்தான். ஒரு காணொளியை அதன் உரிமையாளர் நீக்கிவிட்டாலோ, பிறர் பார்க்க இயலாதபடி தனிப்பட்டதாக மாற்றிவிட்டாலோ, சேமிப்புப் பட்டியலில் அதற்குரிய இடத்தில் சாம்பல் நிறக் கட்டம் ஒன்றும் 'நீக்கப்பட்ட காணொளி' அல்லது 'தனிப்பட்ட காணொளி' என்ற இரண்டு சொற்களும் மட்டும் நிற்கின்றன. தலைப்பு இல்லை. வலையேற்றியவர் பெயர் இல்லை. எவ்வளவு நேரம் ஓடியது, எந்த மொழி, எதைப் பற்றியது என்ற எந்தத் தடயமும் இல்லை. அந்தச் சாம்பல் கட்டம்கூட உடனே கண்ணில் படாது. கிடைக்காதவற்றை மறைத்து வைப்பதுதான் தளத்தின் இயல்பான அமைப்பு. பட்டியலின் மூலையில் உள்ள பொத்தானைத் தேடிப் பிடித்து, 'கிடைக்காதவற்றையும் காட்டு' என்று கேட்டால்தான் அவை வெளியே வருகின்றன. ஒன்பது ஆண்டுகளாக என் பட்டியல் என் கண்ணெதிரிலேயே தேய்ந்துகொண்டிருந்ததை நான் அறியாமல் போனதற்கு இதுவே காரணம்.

ஏன் இப்படி ஆகிறது என்பது விளங்காத ஒன்றன்று. நாம் சேமிப்பது காணொளியை அன்று, அதன் முகவரியை. எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு சிறிய குறியீடு மட்டுமே நம் பட்டியலில் இருக்கிறது. தலைப்பும் படமும் ஒவ்வொரு முறையும் அந்தக் குறியீட்டைக் கொண்டு புதிதாக அழைத்துக் காட்டப்படுகின்றன. வீட்டையே இடித்துவிட்டால் முகவரியைக் கேட்டு வந்தவனுக்குக் காட்ட எதுவும் இல்லை. இது புரிகிறது. தன்னுடைய காணொளியை நீக்கிக்கொள்ள ஒருவருக்கு முழு உரிமை உண்டு என்பதையும் நான் மனமார ஏற்கிறேன். இளமையில் பேசிய ஒன்றை இப்போது வேண்டாமென்று நினைப்பவர் இருப்பார். குடும்பத்தாரின் முகம் தெரிவதால் எடுத்திருப்பார். பதிப்புரிமைப் புகாரால் எடுக்கப்பட்டிருக்கும். அதைத் திருப்பிக் கொடு என்று நான் கேட்கவில்லை. நான் சேமித்த நாளில் அதற்கு இருந்த தலைப்பை மட்டும் என் வரிசையில் விட்டுவை என்றுதான் கேட்கிறேன். அது அவருடைய காணொளி. ஆனால் அதைத் தேர்ந்தெடுத்து வைத்தது என் செயல். என் செயலின் பதிவையும் சேர்த்து அழிப்பதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

எண்ணிக்கையைப் பிரித்துப் பார்த்தபோதுதான் கோபம் துயரமாயிற்று. ஆங்கில அறிவியல் பட்டியலில் 500; போனவை 22. அரசியலும் சட்டமும் 300, போனவை 38. மற்றவை 306, போனவை 23. தமிழ் அறிவியல் 210, போனவை 63. சேலம் 96, போனவை 41. அதாவது ஆங்கிலத்தில் நூற்றுக்கு நான்கைந்து மறையும் காலத்தில், தமிழ் அறிவியலில் பத்துக்கு மூன்றும், எங்கள் ஊரைப் பற்றியவற்றில் பாதிக்குச் சற்றுக் குறைவாகவும் மறைந்திருக்கின்றன.

இதன் காரணமும் தெளிவாகவே இருக்கிறது. நிலவில் சுத்தியல் விழுந்த காட்சி அமெரிக்க அரசு நிறுவனம் எடுத்தது. அந்நாட்டுச் சட்டப்படி அது பொதுவுடைமை. யார் வேண்டுமானாலும் பிரதி எடுக்கலாம். ஆகவே அதற்கு எண்ணற்ற பிரதிகள் உண்டு. ஒன்று போனால் வேறொன்று. டகோமா பாலத்தின் படச்சுருளை அந்நாட்டுத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் 1998-இல் சேர்த்துப் பாதுகாக்கிறார்கள். நம்முடையவை பெரும்பாலும் தனி மனிதர் ஒருவர், தன் கைப்பேசியில், தன் வீட்டு மாடியில் எடுத்தவை. அவர் சோர்ந்துவிட்டாலோ, கடவுச்சொல்லை இழந்துவிட்டாலோ, இறந்துவிட்டாலோ எல்லாம் சேர்ந்து போய்விடுகின்றன.

போனவற்றுள் மூன்று எனக்கு நன்றாக நினைவில் உள்ளன. முதலாவது, நிலவின் மண்ணைப் பற்றியது. 1997 வரை சேலத்தோடு ஒன்றாக இருந்த நாமக்கல் மாவட்டத்தில், சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளில் கிடைக்கும் அனார்த்தோசைட் பாறை, நிலவின் வெளிர்நிற மேட்டு நிலங்களில் உள்ள பாறையை ஒத்தது. சேலத்தின் பெரியார் பல்கலைக்கழகப் புவியியல் துறையின் துணையோடு, 2012 முதல் அந்தப் பாறையிலிருந்து ஆக்கிய மண் இஸ்ரோவுக்குப் போயிற்று. தரையிறங்கும் கலத்தின் கால்களையும் ஊர்தியின் சக்கரங்களையும் அந்த மண்ணின் மேல்தான் சோதித்தார்கள். இதை ஒருவர் அந்தக் கிராமத்துக்கே போய், வெள்ளை வெளேரென்ற பாறைத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும் தமிழில் 17 நிமிடம் பேசியிருந்தார். "நம்ம ஊர்க் கல்லா டீச்சர்?" என்று என் மாணவி ஒருத்தி எழுந்து நின்று கேட்டது அந்தக் காணொளியைப் பார்த்துத்தான். இப்போது அது சாம்பல் கட்டம்.

இரண்டாவது, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கரும்பலகை முன் நின்று நடத்திய இயற்பியல் பாடங்கள், ஏறத்தாழ நாற்பது. அவர் கணக்கை யாரோ களவாடிவிட்டதாகக் கீழே ஒருவர் எழுதியிருந்ததைப் பார்த்தேன். அடுத்த வாரம் எல்லாம் போய்விட்டன. மூன்றாவது, சேலம் வெண்பட்டு நெய்யும் முதியவர் ஒருவர் குழித்தறியின் முன் அமர்ந்து, தீர்ந்த பாவின் (தறியில் நீளவாக்கில் ஓடும் நூலின்) இழைகளோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைப்பதை எந்தப் பேச்சும் இல்லாமல் காட்டும் 26 நிமிடம். விரலில் சிறிது சாம்பல் தொட்டு, இரண்டு இழைகளைச் சேர்த்து ஒரு திருகு. அவ்வளவுதான், முடிச்சே தெரியாது. என் மாமா அதைப் பார்த்துவிட்டு, "இந்த வேகம் எனக்கே வராது" என்றார். அதைத் திரும்பவும் பார்க்க வேண்டும் என்று அவர் இரண்டு முறை கேட்டுவிட்டார்.

அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காட்டுக்குப் பேருந்தில் போகும்போது, 1935-இல் டி. ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவைக் கடந்துதான் போக வேண்டும். படத்தளம் போய்விட்டது, வளைவு நிற்கிறது. தமிழின் முதல் பேசும் படம் 1931-இல் வந்தது. அதன் பிரதி இன்று எங்கும் இல்லை. முப்பதுகளில் வந்த பல படங்களின் நிலையும் இதுவே. ஆயினும் அவற்றின் பெயர்கள் நமக்குத் தெரியும். யார் நடித்தார், என்ன பாடினார் என்பதும் தெரியும். கொட்டகை வாசலில் சில காசுக்கு விற்ற பாட்டுப் புத்தகங்களை யாரோ பெட்டியில் போட்டு வைத்திருந்ததால் தெரியும். படமே அழிந்த பிறகும் பெயரைக் காப்பாற்ற ஒரு மெல்லிய தாள் போதுமாக இருந்தது. இவ்வளவு பெரிய கணினிகளை வைத்திருக்கும் ஒரு தளம் ஒரு வரித் தலைப்பைக் காப்பாற்றாது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

பெயரை மீட்க ஒரு வழி இருக்கிறது. சாம்பல் கட்டத்தைச் சொடுக்கினால் முகவரியில் அந்தக் குறியீடு தெரியும். அதைப் படியெடுத்து இணையத்தில் தேடினால், எப்போதோ யாரோ அந்தக் காணொளியைத் தலைப்போடு பகிர்ந்திருந்த பக்கம் சில நேரம் அகப்படும். இன்டர்நெட் ஆர்கைவ் நடத்தும் வேபேக் மெஷினில் அந்த முழு முகவரியை இட்டால் பழைய பக்கத்தின் படி கிடைக்கலாம். அதில் காணொளி பெரும்பாலும் ஓடாது, தலைப்பாவது இருக்கும். 187-இல் 59-க்கு இப்படிப் பெயர் கண்டேன். அவற்றுள் நாற்பதுக்கும் மேல் ஆங்கிலமும் அரசியலும். சேலம் பட்டியலின் 41-இல் ஆறுக்குத்தான் கிடைத்தது.

இப்போது 200 பக்கக் கோடிட்ட நோட்டு ஒன்றில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். காணொளியின் தலைப்பு, பேசியவர், நீளம், சேமித்த நாள், எந்த நிமிடத்தில் எது வருகிறது, நான் அதை எதற்காக வைத்தேன். கடைசிக் கட்டம்தான் எழுத எழுத விரிகிறது. இருக்கின்ற 1,225-ஐயும் எழுதி முடிக்க ஓராண்டு ஆகும். வகுப்பில் பயன்படும் தமிழ்க் காணொளி என்றால், அதை எடுத்தவரைத் தொடர்புகொண்டு ஒரு பிரதி கேட்கிறேன். கேட்ட ஏழு பேரில் ஐந்து பேர் மகிழ்ச்சியோடு அனுப்பிவைத்தார்கள்.

கட்டலாமா வேண்டாமா என்று கேட்டவருக்குப் பதில் சொல்ல வேண்டும். நிறைகுறைகளைத் தராசில் வைத்தால் தட்டு ஒரே பக்கம் சாய்கிறது. விளம்பரம் குறுக்கிடாமல் பாடம் நடத்தலாம். மூடுபனி நாளிலும் காணொளி ஓடும். பிரேம் பிரேமாக அளக்கலாம். முழு உரையையும் வைத்துக்கொண்டு வெட்டிய துணுக்கை மறுக்கலாம். மலையில் உள்ள ஒரு பள்ளிக்கு இதைவிடப் பயனுள்ள மாதச் செலவு எனக்குத் தோன்றவில்லை. இவ்வளவையும் எழுதிவிட்டு, அவருக்கு நான் அனுப்பிய பதில், "கட்ட வேண்டாம்மா" என்பதுதான். என்னுடைய கட்டணத்தையும் இந்த மாதம் புதுப்பிக்கவில்லை. நெசவாளரின் 26 நிமிடம் போன இடத்தில் அவருடைய பெயரைக்கூட வைக்காத ஒன்றுக்கு இப்போது பணம் கட்ட எனக்குக் கை வரவில்லை. ஜூனில் பள்ளி திறக்கும்போது, டகோமா பாலத்தை விளம்பரத்துக்கு நடுவே நடத்த நேர்ந்தால், மனம் மாறினாலும் மாறலாம்.

நோட்டில் இதுவரை எழுதிய 60 பக்கங்களைச் செவ்வாய்ப்பேட்டையில் ஜெராக்ஸ் எடுத்து, சனிக்கிழமை ஏற்காடு போன ஓர் ஆசிரியரிடம் அவருக்குக் கொடுத்தனுப்பினேன். மறைந்துபோனவற்றுள் நினைவில் உள்ளவற்றைச் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். வெண்பட்டுப் பாவு பிணைக்கும் காணொளியையோ சித்தம்பூண்டிப் பாறையைப் பற்றியதையோ யாரேனும் தம் கைப்பேசியில் வைத்திருந்தால், எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். மாமா மூன்றாம் முறையும் கேட்டுவிட்டார்.